பெரும்பான்மையும் அறமும்: யாப்புறு சனநாயகம் பற்றிய ஓர் ஒப்பியல் நோக்கு

கி.மு. 406ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரத்தின் கடற்படை ஆர்ஜினூசைத் தீவுகளுக்கு அண்மையிற் பெரியதொரு வெற்றியை ஈட்டியது. எனினும், போரின் பின் எழுந்த புயலினால், உடைந்த கப்பல்களில் தத்தளித்த வீரரை மீட்க முடியாது போயிற்று. அப்பழி தளபதிகள்மீது விழுந்தது. குற்றஞ்சாட்டப்பட்டோரைத் தனித்தனியே விசாரித்தல் வேண்டும் என்பது அந்நகரத்துச் சட்டம். மக்கள் அவையோ தளபதிகள் எண்மரையும் ஒரே வாக்கெடுப்பினாற் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. அவருள் நகருக்குத் திரும்பியிருந்த அறுவர் கொல்லப்பட்டனர். அன்று அவையை நடத்திய குழுவில் இடம்பெற்றிருந்த சோக்கிரட்டீஸ், இது சட்டத்துக்கு மாறானது என உடன்பட மறுத்தார். மக்கள் தாம் விரும்பியதைச் செய்யவொட்டாமல் தடுப்பது தகாது என்று எழுந்த கூச்சலில் அம்மறுப்பு அமிழ்ந்து போயிற்று. சிறிது காலத்துள் அதே மக்கள் தம் செயலுக்கு வருந்தினர்; தம்மைத் தூண்டிவிட்டோர்மீது வழக்குத் தொடுத்தனர். ஆயின், இறந்தோர் மீளவில்லை.

இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்கு முந்திய இந்நிகழ்ச்சி எழுப்பும் வினா இன்றும் பழமையடையவில்லை. பலர் கூடி எடுத்த முடிவு என்பதனாலேயே ஒரு முடிவு நியாயமானதாகி விடுமா? வாக்கெடுப்பில் தோற்றவர்கள் அம்முடிவுக்குக் கீழ்ப்படிய வேண்டிய அறக்கடன் எதிலிருந்து பிறக்கின்றது? வென்றவன் ஏன் ஆளலாம் என்று அரசறிவியல் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. தோற்றவன் ஏன் பணிய வேண்டும் என்ற வினாவே அதனினும் கடினமானது. தண்டனைக்கு அஞ்சிப் பணிவது வேறு. பணிவது முறை எனக் கொண்டு பணிவது வேறு. முன்னையதை எந்தக் கொடுங்கோலனும் பெற்றுவிடலாம். பின்னையதைப் பெறுவதற்கே சனநாயகம் வேண்டியிருக்கின்றது. எனவே இவ்வினாவுக்கு வழங்கப்பட்டுவரும் விடைகளைச் சில நாடுகளின் அரசியல் அனுபவத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் பயனுடைத்து.

1. எண்ணிக்கை எதற்குச் சான்று?

ஆட்சிமுறைகளை ஒப்பிட்டு ஆராயும் கல்விக்கு அடித்தளமிட்டவர் அரிஸ்டோட்டில் என்பர். அவரும் அவருடைய மாணாக்கரும் 158 அரசுகளின் யாப்புகளைத் திரட்டினர். அவற்றுள் ஏதென்ஸ் பற்றிய பகுதி எகிப்தில் ஏட்டுச்சுருளாகக் கண்டெடுக்கப்பட்டு 1891இல் அச்சேறியது. ஆள்வோர் ஒருவரா, சிலரா, பலரா என்ற கணக்கோடு அரிஸ்டோட்டில் நின்றுவிடவில்லை. ஆட்சி எவர் நலன் கருதி நடைபெறுகின்றது என்பதையே அவர் முதன்மையான அளவுகோலாகக் கொண்டார். ஒருவரின் ஆட்சி கெட்டுப்போவது போலவே பலரின் ஆட்சியும் கெட்டுப்போகலாம் என்பது அவர் கண்ட உண்மை. ஆள்வோர் தொகையில் மிக்கவராயிருப்பது அவ்வாட்சியைத் தூய்மைப்படுத்துவதில்லை.

தொகை ஒன்றை மட்டுமே நிறுவுகின்றது: இப்பக்கத்தில் இருப்போர் அப்பக்கத்தில் இருப்போரினும் மிகுதியானவர் என்பதே அது. இதனாற் பெரும்பான்மை விதி பயனற்றது என்பது கருத்தன்று. ஒருவர் வாக்கும் மற்றொருவர் வாக்கும் சமமதிப்புடையன எனக் கொண்டால், பலர் விருப்பத்தைச் சிலர் விருப்பம் வெல்லுதல் முறையாகாது. ஆகவே பெரும்பான்மை விதி சமத்துவத்திலிருந்து பிறந்தது. அவ்வாறாயின், தான் பிறந்த சமத்துவத்தையே அவ்விதி அழிக்குமிடத்து அதற்கு என்ன உரிமை எஞ்சுகின்றது என்பதும் கேட்கப்படல் வேண்டும்.

அதிகாரத்துக்கு வரம்பு வேண்டும் என்ற எண்ணம் மேனாட்டார் நமக்குத் தந்த புதுமையன்று. வள்ளுவர் அரசியலிற் பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரம் வகுத்தார். பத்தாம் நூற்றாண்டுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையாற் தெரிவுசெய்த முறையையும், கணக்குக் காட்டத் தவறியோரை விலக்கிய விதியையும் கூறுகின்றன. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. அரசனை இடித்துரைக்கும் அமைச்சனின் சொல், அரசன் செவிசாய்க்கும்வரை மட்டுமே வலிமையுடையது. உத்தரமேரூர்ச் சபையோ நிலமும் வேதக்கல்வியும் உடைய பிராமணரின் சபை. வெளியே நின்ற குடிகளின் பெயர்கள் அக்குடத்துள் இடப்படவில்லை. வரம்பு அறிவுரையாக இருந்த நிலையிலிருந்து, அதனை எளியவனும் கேட்டுப்பெறத்தக்க உரிமையாக மாற்றியதே நவீன யாப்பின் சாதனை எனலாம்.

2. விதிமுறையைப் பேணினாற் போதுமா?

தோற்றவனின் கடமைக்கு வழங்கப்படும் முதலாவது விடை, விதிமுறை பற்றியது. ஆட்டத்தின் விதிகளை ஒப்புக்கொண்டவன் ஆட்டத்தின் முடிவையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பர். இவ்விடையின் வலிமையையும் குறைபாட்டையும் ஒருங்கே காட்டும் வரலாறு தென்னாபிரிக்காவினுடையது.

பிரித்தானியப் பாராளுமன்றம் 1909இல் இயற்றிய தென்னாபிரிக்கச் சட்டம், 1910இல் உருவான ஒன்றியத்தின் யாப்பாக அமைந்தது. கேப் மாகாணத்தில் வெள்ளையர் அல்லாதாருக்கும் அன்று வாக்குரிமை இருந்தது. இனம் அல்லது நிறம் என்ற காரணத்தால் மட்டும் அதனைப் பறிப்பதாயின், ஈரவைகளும் ஒருங்கே கூடி, மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைதல் வேண்டும் என 35ஆம் பிரிவு விதித்தது. 1936இல் ஆபிரிக்க வாக்காளர் அம்மாகாணத்தின் பொது வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டனர். அப்பொழுது வேண்டிய மூன்றிலிரண்டு எளிதிற் கிடைத்தது.

1948இற் பதவிக்கு வந்த தேசியக் கட்சி, கலப்பினத்தவரின் வாக்குரிமையையும் அவ்வாறே நீக்க முற்பட்டது. அதனிடம் மூன்றிலிரண்டு இருக்கவில்லை. 1951இற் சாதாரண பெரும்பான்மையாற் சட்டம் நிறைவேற்றப்பட்டது. மறு ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது எனத் தீர்த்தது. அரசாங்கம் பாராளுமன்றத்தையே உயர்ந்த நீதிமன்றமாக்கும் மற்றொரு சட்டத்தை இயற்றியது. அதனையும் நீதிமன்றம் தள்ளியது. பின்னர் 1955இல் யாப்பு விடயங்களை விசாரிக்கும் நீதியரசரின் தொகை பதினொன்றாக உயர்த்தப்பட்டது; மூதவையின் உறுப்பினர் தொகை 48இலிருந்து 89 ஆக்கப்பட்டது. புதிய இடங்கள் ஆளுங்கட்சியினரால் நிரம்புமாறு தெரிவுமுறையும் மாற்றப்பட்டது. 1956இல் ஈரவைகளும் ஒருங்கு கூடின, மூன்றிலிரண்டு கிடைத்தது, சட்டம் நிறைவேறியது. அது மீண்டும் நீதிமன்றத்துக்குச் சென்றபொழுது பதினொரு நீதியரசருள் சிறைனர் என்பார் ஒருவரே மாறுபட்டார். ஏனைய பதின்மரும் அது செல்லும் என்றனர்.

ஈண்டு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், இறுதியில் எந்த விதியும் வெளிப்படையாக மீறப்படவில்லை என்பதே. யாப்பின் சொற்கள் யாவும் பேணப்பட்டன. அவற்றின் பொருள் மட்டும் கொல்லப்பட்டது. மூன்றிலிரண்டு என்ற தடை, பலதரத்தாரின் இசைவைப் பெற்ற பின்னரே அவ்வுரிமையைத் தொடலாம் என்பதற்காக இடப்பட்டது. இசைவைத் தேடுவதற்குப் பதிலாக, இசைபவர்களை உண்டாக்கிக் கொண்டது அரசாங்கம். யாருடைய உரிமை பறிபோயிற்றோ அவர்களுக்கு, விதிமுறை பேணப்பட்டது எனக் கூறுவது ஆறுதலுமன்று, கீழ்ப்படிவதற்குக் காரணமுமன்று. இன்னொன்றும் உளது. அவ்விதிகளை வகுத்த வேளையிலேயே நாட்டின் மிகப் பெரும்பாலான மக்களாகிய ஆபிரிக்கரிடம் அவர் இசைவு கேட்கப்படவில்லை. ஆட்டத்தின் விதிகளை ஒப்புக்கொண்டவன் என்ற வாதம், விதிகளை வகுக்கும் மன்றில் இடம்பெறாதவனைக் கட்டுப்படுத்தாது.

3. இன்று நீ, நாளை நான்

இரண்டாவது விடை நம்பிக்கை பற்றியது. இன்று தோற்றவன் நாளை வெல்லலாம். இன்று தான் பொறுத்துக்கொண்டதை நாளை எதிராளியும் பொறுத்துக்கொள்வான். பிரித்தானியாவில் ஒரே ஆவணமாக எழுதப்பட்ட யாப்பு இல்லை; பாராளுமன்றம் எச்சட்டத்தையும் இயற்றலாம் என்பதே அந்நாட்டுக் கோட்பாடு. எனினும் அங்கே தோற்ற கட்சி அமைதியாக எதிர்வரிசையில் அமர்வதற்குக் காரணம், அது திரும்பிவரும் வழி திறந்திருப்பதே. இவ்விடையிற் பெரிதும் உண்மை உண்டு. ஆயின், அதே முடிக்குரிய ஆட்சிப்பரப்பின் ஒரு மூலையில் இவ்விடை அரை நூற்றாண்டு பொய்த்தது.

1920ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசாங்கச் சட்டத்தின்படி வட அயர்லாந்துக்குத் தனியானதொரு பாராளுமன்றம் 1921இல் நிறுவப்பட்டது. மதங்காரணமாக எவருக்கும் சலுகையோ இடரோ விளைக்கும் சட்டங்களை அப்பாராளுமன்றம் இயற்றலாகாது என அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு தடைசெய்தது. தொடக்கத்தில் விகிதாசாரத் தேர்தல் முறையும் இருந்தது. 1922இல் உள்ளூராட்சித் தேர்தல்களிலும், 1929இற் பாராளுமன்றத் தேர்தலிலும் அம்முறை நீக்கப்பட்டது. 1921 முதல் 1972 மார்ச்சில் அப்பாராளுமன்றம் இடைநிறுத்தப்படும்வரை ஒரே கட்சியே இடையறாது ஆண்டது. புரட்டஸ்தாந்தரின் ஆதரவில் தங்கிய ஒன்றியவாதக் கட்சியே அது. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழ்ந்த டெரி நகரிற்கூட, வட்டாரங்கள் பிரிக்கப்பட்ட விதத்தினால் நகரசபை ஒன்றியவாதிகளிடமே இருந்தது.

தேர்தல்கள் நடைபெற்றன, வாக்குகள் எண்ணப்பட்டன, எதிர்க்கட்சி உறுப்பினர் பேசினர். ஆயினும் முடிவு ஒவ்வொரு முறையும் வாக்களிப்புக்கு முன்னரே தெரிந்திருந்தது. ஏன் எனில், அங்கே பெரும்பான்மை கருத்தினால் அமைந்ததன்று, பிறப்பினால் அமைந்தது. இவ்வேறுபாடே இப்பொருளின் உயிர்நிலை. வரி பற்றியோ விலைவாசி பற்றியோ தோற்ற ஒருவன் வாதம் புரிந்து மற்றவரைத் தன் பக்கம் திருப்பலாம். தாய்மொழியாலும் மதத்தாலும் சிறுபான்மையானவன் எவ்வளவு நன்றாக வாதித்தாலும் எண்ணிக்கை மாறாது. அவனை நோக்கி, அடுத்த தேர்தல் வரை பொறுத்திரு எனக் கூறுவது, கரையில்லாத ஆற்றில் நீந்துபவனைக் கரை வரை பொறுத்திரு எனக் கூறுவதனை ஒக்கும். பல்லாண்டு வன்முறையின் பின் 1998இல் ஏற்பட்ட உடன்படிக்கை, அங்கு இரு சமூகத்தாரும் ஆட்சியிற் பங்குகொள்ளவும், முக்கிய முடிவுகளுக்கு இரு சாராரின் ஆதரவும் வேண்டப்படவும் வழிசெய்தது. தனிப்பெரும்பான்மை மட்டும் போதாது என்ற பாடம் பெருவிலை கொடுத்துக் கற்கப்பட்டது.

4. வாக்கெடுப்புக்கு அப்பாற்பட்டவை

மூன்றாவது விடை, சிலவற்றை வாக்கெடுப்புக்கே உட்படுத்தலாகாது என்பது. 1933 மார்ச் 23ஆம் நாள் ஜேர்மனியப் பாராளுமன்றம், சட்டம் இயற்றும் அதிகாரத்தை இட்லரின் அமைச்சரவைக்கு 444 வாக்குகளால் வழங்கியது. எதிர்த்து வாக்களித்தோர் சமூக சனநாயகக் கட்சியினர் 94 பேர். பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் சிறையிலும் தலைமறைவிலும் இருக்க, மண்டபத்திற் படையணியினர் சூழ்ந்துநிற்க, யாப்பு வேண்டிய மூன்றிலிரண்டு எட்டப்பட்டது. அவ்வனுபவத்தின் பயனாக, 1949இல் இயற்றப்பட்ட அடிப்படைச் சட்டத்தின் 79ஆம் உறுப்புரை, மனித மாண்பு, சனநாயகம், சமஷ்டி முறை ஆகிய அடிப்படைகளை எப்பெரும்பான்மையாலும் நீக்க முடியாது என விதித்தது.

இந்தியாவில் இத்தகைய விதி எழுதப்படவில்லை. நீதிமன்றமே அதனை யாப்பினுட் கண்டது. 1973 ஏப்பிரல் 24ஆம் நாள் கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதியரசருள் எழுவர், பாராளுமன்றம் யாப்பைத் திருத்தலாம், ஆயின் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கலாகாது எனத் தீர்த்தனர். அறுவர் உடன்படவில்லை. ஒரு வாக்கினால் நின்ற தீர்ப்பு அது. பெரும்பான்மைக்கு வரம்பு உண்டு என்பதும் ஒரு பெரும்பான்மையினாலேயே முடிவாயிற்று என்பது சிந்தனைக்குரியது.

இவ்விடைக்கு எதிராக இரு தடைகள் எழுப்பப்படும். மக்கள் தெரிவுசெய்யாத நீதியரசர் மக்கள் பிரதிநிதிகளைத் தடுப்பது முறையா என்பது ஒன்று. இறந்தோர் எழுதிவைத்த விதி உயிருடன் இருப்போரைக் கட்டலாமா என்பது மற்றொன்று. இரண்டாவது தடையை எழுப்பியவர் சாதாரண மனிதரல்லர். உலகம் உயிருடன் இருப்போருக்கே உரியது என வாதித்த தோமஸ் ஜெபர்சன், எந்த யாப்பும் பத்தொன்பது ஆண்டுகளுடன் காலாவதியாக வேண்டும் என்று 1789இற் கணக்கிட்டார்.

இத்தடைகளை எளிதில் தள்ளிவிட முடியாது. நீதியரசரும் தவறுவர். இந்தியாவில் 1975 ஜூனிற் பிரகடனப்படுத்தப்பட்ட நெருக்கடி நிலையின்போது, விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டோர் நீதிமன்றத்தை நாட முடியாது என ஐந்து நீதியரசருள் நால்வர் 1976இல் தீர்த்தனர். கன்னா ஒருவரே மறுத்தார். அவ்வாட்சியை வீழ்த்தியது 1977இல் வாக்களித்த மக்கள். 1978இன் யாப்புத் திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிர்வாழும் உரிமையை இடைநிறுத்த இயலாது என்றாக்கியது. நீதிமன்றம் தன் பிழையை முற்றாகக் களைந்தது 2017இலேயே. ஆகவே வாக்காளரை முற்றாக நம்புதலும் தகாது. நீதியரசரை முற்றாக நம்புதலும் தகாது. ஒருவர் தவறியவிடத்து மற்றவர் நிற்பதற்கு இடம் இருத்தல் வேண்டும்.

ஜெபர்சனின் தடைக்கு விடை வேறு. வாக்கெடுப்புக்கு அப்பால் வைக்கப்பட வேண்டியவை, எவையின்றி வாக்கெடுப்பே பொருளற்றுப் போகுமோ அவையே. குடியுரிமை, பேச்சுரிமை, கூடும் உரிமை, சட்டத்தின் முன் சமத்துவம், தன் மொழியில் அரசை அணுகும் உரிமை என்பன அத்தகையன. பெரும்பான்மை என்பது நிலைத்து நிற்கும் ஓர் உடம்பன்று; ஒரு நாளின் கணக்கு. இன்றைய பெரும்பான்மை ஒரு சாராரின் குடியுரிமையையோ குரலையோ நீக்கும்பொழுது, அது நாளைய பெரும்பான்மை உருவாகும் வழியை அடைக்கின்றது. வருங்காலத்தைக் கட்டிவைப்பது உரிமையைக் காக்கும் விதியன்று. உரிமையைப் பறிக்கும் சட்டமே.

5. நமது நாட்டின் அனுபவம்

மேலே கண்ட மூன்று விடைகளையும் இலங்கையின் யாப்பு வரலாற்றிற் பொருத்திப் பார்ப்பது நமது கடன். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, எந்தவொரு சமூகத்தவர்மீதோ மதத்தவர்மீதோ ஏனையோருக்கு இல்லாத இடரை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது. யாப்பைத் திருத்துவதற்குப் பிரதிநிதிகள் சபையின் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டும் எனவும் விதித்தது. மேற்கூறிய வட அயர்லாந்துச் சட்டத்தின் தடையோடு இதற்குள்ள ஒப்புமை வெளிப்படை. கோமறைக் கழகம் 1964இல் இலஞ்ச ஆணையாளர் வழக்கிற் கூறிய கருத்தொன்று இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானது. அவ்விதிகள், இலங்கை மக்கள் தம்முள் ஒருவரோடொருவர் யாப்பை ஏற்றுக்கொண்டமைக்கு அடிப்படையான நிபந்தனைகள் என்பதே அது. தோற்கக்கூடியவருக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்ட வாக்குறுதி என்று நாம் அதனைக் கூறலாம்.

அவ்வாக்குறுதி எவ்வாறு காக்கப்பட்டது? 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1953இற் கோமறைக் கழகம், அவை குடியுரிமையை வரையறுக்கும் சட்டங்களே, ஒரு சமூகத்தைக் குறிவைத்தன அல்ல எனத் தீர்த்தது. சட்டத்தின் சொற்களில் எச்சமூகத்தின் பெயரும் இல்லை என்பது உண்மை. விளைவு எவர்மீது விழுந்தது என்பதும் உண்மை. 1956இன் அரச கரும மொழிச் சட்டம் சாதாரண பெரும்பான்மையால் நிறைவேறியது. அதனை எதிர்த்து ஓர் அரசாங்க எழுதுவினைஞர் தொடுத்த வழக்கு 1969இற் கோமறைக் கழகம்வரை சென்றும், அச்சட்டம் யாப்புக்கு முரணானதா என்ற வினாவுக்கு இறுதித் தீர்ப்புக் கிடைக்கவில்லை. அவ்வினாவுக்கு விடை கிடைக்குமுன் 29ஆம் பிரிவே இல்லாது போயிற்று.

1970இற் பதவியேற்ற ஐக்கிய முன்னணி, அளிக்கப்பட்ட வாக்குகளிற் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பெற்று, தேர்தல் நடந்த 151 ஆசனங்களில் 116ஐ வென்றது. குடியேற்ற ஆட்சியின் கடைசித் தளையை அறுத்து, நாட்டின் யாப்பை நாட்டு மக்களே ஆக்கவேண்டும் என்ற அதன் நோக்கம் நியாயமற்றதன்று. ஆயின் அவ்வாறு ஆக்கும் மக்கள் யாவர் என்ற கேள்வி உண்டு. அரசியல் நிர்ணய சபையிலிருந்து தமிழரசுக் கட்சி 1971 ஜூனில் வெளியேறியது. 1972 மே 22ஆம் நாள் யாப்பு நடைமுறைக்கு வந்தது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி வாக்குகளிற் பாதிக்குச் சற்று மேலாகப் பெற்று 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. 1978இல் மற்றொரு யாப்பு வந்தது. 1982 டிசெம்பர் 22ஆம் நாள் நடந்த மக்கள் தீர்ப்பு அப்பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டு நீட்டியது. பாதி வாக்கினால் வந்த ஆறில் ஐந்து பங்கு பலம், பொதுத்தேர்தல் இன்றி 1988இன் இறுதிவரை நீடித்தது. ஆண்டவை இரு வேறு கட்சிகள், கொள்கைகள் வேறு. மூன்றிலிரண்டு என்பது பலதரத்தாரின் இசைவைத் தேடவைக்கும் தடையாகக் கருதப்பட்டு, ஒருவர் தாமே ஏறிக்கடக்கும் படியாக மாறியமை மட்டும் இரு காலத்துக்கும் பொது.

29ஆம் பிரிவு இருந்தபொழுதும் அது காப்பாற்றவில்லையே, அது போனதால் இழந்ததென்ன எனச் சிலர் கேட்பர். இவ்வினா நேர்மையானது. அரைகுறையாகக் காக்கப்பட்ட வாக்குறுதியும் வாக்குறுதியே. அதைச் சுட்டிக்காட்டி முறையிடலாம், தீர்ப்பைக் கண்டிக்கலாம், அடுத்த தலைமுறை அதனை மீண்டும் எழுப்பலாம். வாக்குறுதியே இல்லாதவிடத்து முறையீடு வெறும் வேண்டுகோளாகிவிடுகின்றது. மேலும் ஒன்று. பெரும்பான்மையினரைக் கட்டவேண்டிய கயிறு தளர்ந்தவிடத்து, அது சிறுபான்மையினருக்கு மட்டும் தளர்வதில்லை. சனாதிபதிப் பதவிக் காலத்துக்கு இருந்த வரம்பு 2010இல் 161 வாக்குகளால் நீக்கப்பட்டதும், 2015இல் மீண்டும் இடப்பட்டதும், சுயாதீன ஆணைக்குழுக்களை 2001, 2010, 2015, 2020, 2022ஆம் ஆண்டுத் திருத்தங்கள் ஆக்கியும் குலைத்தும் மீளவாக்கியும் வந்ததும், சிங்கள மக்களையும் தமிழ் மக்களையும் முஸ்லிம் மக்களையும் ஒருங்கே பாதித்தன.

6. சிறுபான்மையினுள்ளும் சிறுபான்மை

இவ்வளவும் கூறியபின், அதே அளவுகோலை நம்மீது வைத்து நோக்காவிடின் இவ்வாராய்ச்சி வழக்குரைஞரின் வாதமாகுமே தவிர அறவாராய்ச்சி ஆகாது. ஒரு நாட்டிற் சிறுபான்மையாக இருப்போர் ஒரு மாவட்டத்திலோ ஒரு கிராமத்திலோ பெரும்பான்மையாக இருப்பர். அங்கே அவர் தம்மினும் எளியாரை எவ்வாறு நடத்தினர்? சாதியின் பெயராற் பொது இடங்களிலிருந்து மக்களை விலக்குவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்திற் கோயில் வாயில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அடைக்கப்பட்டது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளினால் வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை விட்டு அவர் நீங்கியபொழுது, அவர்தம் இசைவை எவரும் கேட்கவில்லை. அநீதியை அனுபவித்தவர் என்பதனாலேயே நாம் நீதியுடையவர் ஆகிவிட மாட்டோம். உரிமை கேட்பவனின் குரலுக்கு வலிமை தருவது, தன் ஆட்சிக்குட்பட்டவனுக்கும் அவன் அதே உரிமையை வழங்க ஆயத்தமாயிருத்தலே.

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். தோற்றவன் கீழ்ப்படிய வேண்டிய கடமை மூன்று நிபந்தனைகளின்மேல் நிற்கின்றது. விதிகளை ஆக்குமிடத்து அவனும் இருந்திருத்தல் வேண்டும். அவன் வெல்லும் வழி மெய்யாகவே திறந்திருத்தல் வேண்டும். பிறப்பினால் அவ்வழி அடைபட்டிருப்பின், ஆட்சியிற் பங்கு வேறு வகையால் அவனுக்கு உறுதிசெய்யப்படல் வேண்டும். எவ்வளவு பெரிய தோல்வியிலும் பறிபோகாதன சில அவனிடம் எஞ்சியிருத்தல் வேண்டும். தென்னாபிரிக்காவில் முதலாவது இல்லை. வட அயர்லாந்தில் இரண்டாவது இல்லை. 1933இன் ஜேர்மனியில் மூன்றாவது இல்லை. இவை மூன்றும் உள்ளவிடத்துத் தோற்றவனும் தன் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது. தனக்குப் பிடிக்காத சட்டம் என்பது மீறுவதற்குக் காரணமாகாது. தோற்கும்போதெல்லாம் ஆட்டத்தைக் கலைப்பவன் தன் உரிமையையும் கலைக்கின்றான்.

இந்நிபந்தனைகளை யாப்பில் எழுதிவிட்டாற் போதுமா எனின், போதாது என்பதே வரலாறு தரும் விடை. தென்னாபிரிக்க மூதவையைப் பெருப்பித்தவர்களும் எழுத்தைப் படித்தவர்களே. எழுதாமல் விட்டாலோ எளியவன் பற்றிக்கொள்வதற்கு ஒன்றுமில்லை. எழுத்தும் வேண்டும், எழுத்தின் பொருளைக் காக்கும் மனமும் வேண்டும். சோக்கிரட்டீசும், சிறைனரும், கன்னாவும் தம் நாளில் தோற்றவர்களே. அவர்தம் மறுப்பு எவரையும் அன்று காப்பாற்றவில்லை. ஆயினும் அது பதிவில் இருந்தமையாலேயே பிற்காலத்தார் தம் பிழையை உணர ஓர் அளவுகோல் கிடைத்தது.

பல்கலைக்கழகத்தில் அரசறிவியலைப் பயில்வோருக்கு யாப்புகளின் உறுப்புரைகளை ஒப்பிட்டு மனனஞ்செய்தல் எளிது. ஒவ்வொரு யாப்பையும் எடுத்து, இதன்கீழ் வென்றவன் என்னவெல்லாம் செய்யலாம் எனக் கேட்பதினும், இதன்கீழ் தோற்றவனிடம் என்ன எஞ்சும் எனக் கேட்டுப் பழகுவோமாயின், அக்கல்வி பயனுடையதாகும். அவ்வினாவை முதலிற் கேட்க வேண்டிய இடம், நாம் பெரும்பான்மையாக உள்ள இடமே என்பது இக்கட்டுரையின் துணிபு.